அலையில்லாத தண்ணீர்

கடைசியாகத் தெரிந்தது தொப்பி. பச்சைத் துணித் தொப்பி. பின்புறத்தில் இரண்டு இறகுத் தூண்டில்கள் குத்தியிருந்தன. இடுப்பளவு தண்ணீரில் எனக்கு முதுகைக் காட்டி நின்ற என் கணவர், தடியை ஒருமுறை பின்னே சாய்த்து முன்னே வீசினார். நூல் வளைந்து போனதைப் பார்த்தேன். அது நீரில் விழுந்ததைப் பார்க்கவில்லை. ஏரியின் இடப்புறத்திலிருந்து பனிமூட்டம் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்தது. கரையில் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். தொப்பி இருந்தது. பிறகு இல்லை.

அந்தக் கணத்தில் நான் பயப்படவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். விரலை எடுக்காமல் அந்தப் பந்தியை வாசித்து முடித்தேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நாங்கள் முதன்முதலாக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், ஓய்வுபெற்ற பிறகு உங்கள் கணவர் பொழுதை எப்படிப் போக்குகிறார் என்று கேட்டிருக்கிறார். மீன் பிடிக்கிறார். அதை எழுதத் தொடங்கினால் அந்த ஒரு காலையை விட்டுவிட்டு எழுத முடியாது. ஆகையால்தான் இவ்வளவு நாளும் தள்ளிப்போட்டு வந்தேன். மெல்பேணில் இருக்கும் எங்கள் மகளுக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆறுதலாக வாசித்து அறியட்டும்.

சேவல் இறகு

என் கணவர் அருள்தாசன் மன்னார்க் கரையில் பிறந்தவர். சிட்னியில் ஒரு மருத்துவமனையில், அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் பகுதியில் வேலை பார்த்தார். ஓய்வுபெற்ற நாளில் உடன் வேலை செய்தவர் ஒருவர் அவருக்கு ஒரு தூண்டில் தடியைப் பரிசாகக் கொடுத்தார். அதில் இரை வைப்பதில்லை. தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோல ஆக்கி, அதைத் தண்ணீரின் மேல் வீச வேண்டும். ட்றவுட் மீன் அதை உண்மைப் பூச்சி என்று நம்பிக் கவ்வ வேண்டும். "மீனை ஏமாத்திறதுக்கு இவ்வளவு மினக்கேடோ" என்று அவர் முதலில் சிரித்தார். ஆறு மாதத்துக்குள் எங்கள் குசினி மேசை இறகுகளால் நிறைந்தது. கருவிகளோடு பழகிய விரல்களல்லவா, அந்தச் சிறு முள்ளைப் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இறகு வருவது ரபீக்கின் இறைச்சிக் கடையிலிருந்து. ரபீக்கும் மன்னார்தான், எங்கள் மாதா கோயில் மதிலுக்குப் பின்னால் அவர்கள் வீடு இருந்தது. இவரைவிட ஆறேழு வயது இளையவர். இடுப்பு எலும்பு மாற்றியதிலிருந்து தண்ணீருக்குள் இறங்குவதில்லை. கரையில் நின்று வீசுவார்.

ஏரிக்குப் போக, சிட்னிக்கு மேற்கே உள்ள நீல மலைகளைத் தாண்டி இரண்டரை மணி நேரம் கார் ஓட வேண்டும். அன்று காலை காருக்குள் நடந்த பேச்சு இப்போதும் நினைவிருக்கிறது.

"பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதுக்கு இவ்வளவு பெற்றோல் எரிச்சுக்கொண்டு போறம். ஊரில சொன்னா எங்களைக் கட்டிவைச்சுப் பார்ப்பாங்கள், தாசண்ணை" என்றார் ரபீக்.

"ரெண்டு மீன் வைச்சுக்கொள்ளலாம். அதுதான் சட்டம். ரெண்டு கொண்டுவருவன், பார்."

"போன முறையும் ரெண்டு எண்டுதான் சொன்னனீங்கள். அண்டைக்கு அக்கா கடையில வாங்கின ரின்மீன்தான் கறி வைச்சவ."

"ரின்மீனை ஆரும் தப்பவிடேலாது" என்றேன் பின்னாசனத்திலிருந்து.

ட்றவுட் எங்களுக்கு முற்றிலும் அந்நியமான மீனும் அல்ல. இலங்கையின் மலைநாட்டுக் குளிரோடைகளில் வெள்ளைக்காரத் துரைமார் அதைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். கரையோரத்தில் பிறந்த எங்களுக்கு அது துரைமாரின் மீன். முதன்முறையாக இவர் ஒன்றைப் பிடித்துக் காட்டியபோது, அதன் விலாவில் இருந்த சிவப்புப் புள்ளிகளைத் தொட்டுப் பார்த்தேன். குங்குமம் ஒட்டுவதுபோல விரலில் ஒட்டும் என்று நினைத்தேன். ஒட்டவில்லை. குளிர்தான் ஒட்டியது.

கட்டைகளுக்கு இந்தப் பக்கம்

அந்த ஏரி ஒரு செம்மறிப் பண்ணைக்குள் இருக்கிறது. பழைய ஓடை ஒன்றை மறித்து அணை கட்டியதால் உண்டானது. அணைப் பக்கம் ஆழம். அங்கேதான் கார்களை நிறுத்த வேண்டும், பண்ணையை நடத்தும் டெப் என்ற பெண்ணின் குடிசையும் படகும் அங்கேதான். எதிர்க்கரை ஆழமில்லாதது. இலையுதிர் காலத்தில் மீன்கள் அந்த ஆழமில்லாத நீரை நாடி வரும் என்பதால் நாங்கள் எப்போதும் கால்மணி நேரம் சுற்றி நடந்து அங்கே போவோம். மீன்பிடி முடிந்ததும் ரபீக் தனியே போய், மண்பாதையால் காரை எங்களிடம் கொண்டுவருவார். வந்து சேர்ந்ததும் ஹோர்னை இரண்டுமுறை அடிப்பார். அதுதான் இவருக்குத் தண்ணீரை விட்டு ஏறும் மணி.

முதல்நாள் போனபோதே டெப் ஒன்றைச் சொல்லியிருந்தார். கரையிலிருந்து எண்பது அடி தூரத்தில், தண்ணீருக்கு மேல் தலைநீட்டிக்கொண்டு ஒரு வரிசை வேலிக் கட்டைகள் நிற்கின்றன. ஏரி வருவதற்கு முன் ஓடைக் கரையில் போட்ட வேலி. கட்டைகளுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு. அந்தப் பக்கம் பழைய ஓடை; நிலம் திடீரென இல்லாமற்போகும். கட்டைகளைத் தாண்ட வேண்டாம்.

இவர் தலையாட்டினார். ஆனால் அந்தத் தலையாட்டலை நான் நம்பியிருக்கக் கூடாது.

ஏனென்றால் இவருடைய கால்கள் வேறொரு தண்ணீரில் பழகியவை. மன்னாரில் சில இடங்களில் கடலுக்குள் நெடுந்தூரம் நடக்கலாம். முழங்காலுக்கு மேல் வராது. அடி மணல் மெல்லமெல்லத்தான் சரியும். ஆழம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும். வெறுங்காலால் நடப்பார்கள், பாதம் எல்லாவற்றையும் உணரும். இருட்டானாலும் மழை மறைத்தாலும் திசை தவறாது. அலை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் கரை.

ஏரியில் அலை இல்லை. காலில் தடித்த சப்பாத்து. நெஞ்சுவரை ஏறும் இறப்பர் காற்சட்டை. அதன் மேல்விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்தால் மனிதரை எழவிடாது என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். "குளம்தானே" என்பார் இவர். கடற்கரையில் பிறந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். கடலை மதிக்கத் தெரிந்தவர்களுக்குக் குளத்தை மதிக்கத் தெரிவதில்லை.

எந்தப் பக்கம்

பந்தியை முடித்துவிட்டுக் கூப்பிட்டேன். "இஞ்சாருங்கோ."

"ஓம், நிக்கிறன்." குரல் மிக அருகில் கேட்டது.

"கரைக்கு வாங்கோ. ஒண்டும் தெரியேல்ல."

"வாறன், வாறன். மீன் எழும்புது. ரெண்டு வீச்சு."

பனிமூட்டம் என் கால்வரை வந்தது. மடக்குக் கதிரையின் முன்னால் இருந்த தண்ணீர்கூட மறைந்தது. கரையோரத்து மரங்களின் மஞ்சள் இலைகள் எங்கோ சொட்டுச் சொட்டாக ஈரம் விட்டன. சுடுதண்ணிப் போத்தலை மூடி வைத்தேன். ஐந்து நிமிடம் இருக்கலாம், பத்து நிமிடமாகவும் இருக்கலாம்.

"றெஜீ."

"ஓம்."

"நீர் எங்க நிக்கிறீர்?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் புத்தகத்தை மூடினேன். எங்கள் மணவாழ்வில் அவர் என்னிடம் வழி கேட்டதில்லை.

"இஞ்சதான். முந்தி இருந்த இடத்தில."

"அது எந்தப் பக்கம்?"

கையைத் தூக்கிக் காட்டினேன். எவ்வளவு மடத்தனம். பின்பு எழுந்து, தண்ணீர் என் சப்பாத்தைத் தொடும் இடம்வரை போய் நின்று, "இந்தப் பக்கம்" என்று கத்தினேன். பனிக்குள் அந்தச் சொல் எல்லாப் பக்கமும் போயிருக்க வேண்டும்.

என் சத்தம் கேட்டு ரபீக் கரையோரமாக விந்தி விந்தி வந்தார்.

"தாசண்ணை, அசையாதேங்கோ. நிக்கிற இடத்திலயே நில்லுங்கோ."

"நிக்கேலாது. அடி சேறு. நிண்டா கால் தாழுது."

"கட்டை தெரியுதோ?"

தண்ணீரைத் துழாவும் ஓசை வந்தது. பிறகு, "ஒரு கட்டையில கை முட்டினது. எந்தப் பக்கத்தால முட்டினது எண்டுதான் தெரியேல்ல."

ரபீக் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். நான் அவருடைய மேற்சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்களும் போனா நான் ரெண்டு பேரைத் தேடவேணும் ரபீக். ஓடிப் போய் டெப்பைப் படகோட கூட்டிக்கொண்டு வாங்கோ." எங்கள் இருவரின் அலைபேசியிலும் தொடர்பு இல்லை, அந்தப் பள்ளத்தில் எப்போதும் இருப்பதில்லை.

"சரி. நீங்க கதைச்சுக்கொண்டே இருங்கோ, அக்கா. நிப்பாட்டிப்போடாதேங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"உங்கட செபமாலை இருக்குத்தானே. சின்னனில மதிலுக்கு அங்கால படுத்துக்கொண்டு எவ்வளவு கேட்டிருப்பன். அது முடியவே முடியாது."

சிரிப்பு வராத முகத்தோடு அதைச் சொல்லிவிட்டு ரபீக் பனிக்குள் போனார்.

நான் செபம் சொல்லவில்லை. பெயர் சொல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் ஓம், ஓம் என்றார். இரண்டு ஓம்களுக்கும் இடையில் திசை மாறிக்கொண்டிருந்தது. வலப்பக்கம், பின்பு நடுவில், பின்பு மறுபடி வலப்பக்கம், கொஞ்சம் தள்ளி. குளிர்காலம் நெருங்கும்போது அந்தத் தண்ணீரில் அரைமணி நேரம் நின்றால் கால் மரத்துவிடும் என்று அவரே சொல்லியிருந்தார். அன்று அவர் இறங்கி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது.

அப்போது அணைக்கட்டுப் பக்கத்தில் கார் ஹோர்ன் அடித்தது. ஒருமுறை. இன்னொருமுறை.

குடிசைக்குள் இருக்கும் டெப்பை வெளியே வரவழைக்கத்தான் ரபீக் அடித்தார். எனக்கு அது விளங்கியது. தண்ணீரில் நின்றவருக்கு எப்படி விளங்கும்?

"ஆ, கேக்குது, கேக்குது. ரபீக் காரைக் கொண்டுவந்திட்டான்." அவருடைய குரலில் இருந்த நிம்மதி என்னைக் கலங்கடித்தது. "வாறன்."

"அங்க இல்லை. அது அணைப்பக்கம். ஆழம். போகாதேங்கோ."

ஹோர்ன் மறுபடி அடித்தது, இம்முறை நீளமாக. அதற்குள் என் குரல் கரைந்தது. ஹோர்ன் ஓய்ந்தபோது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒருவர் நடக்கும் ஓசை கேட்டது. அது என்னை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு பாதி

இதை எழுதும்போதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

செபமாலை சொல்லும் முறையை அறியாத வாசகர்களுக்காக: ஒருவர் மன்றாட்டின் முதற்பாதியைச் சொல்லி நிறுத்துவார், கூடியிருப்பவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பாதியும் நான்தான். இவருடைய மூத்த அண்ணன் ஒரு விடியற்காலையில் வள்ளத்தில் போய்த் திரும்பவில்லை. என்ன நடந்தது என்று எவரும் சொல்லவில்லை; போர் நடந்த அந்த ஆண்டுகளில் கேட்பதும் ஆபத்து. கரையில் பந்தல் போட்டு நாற்பது நாள் செபமாலை சொன்னார்கள். இவர் மணலில் முழந்தாளிட்டு ஒவ்வொரு மறுபாதியையும் சொன்னார். நாற்பத்தோராம் நாள் வாயை மூடிக்கொண்டவர்தான்.

அதன் பின்பும் மாலைச் செபத்தை அவர் தவிர்த்ததில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தன் கதிரையில் இருப்பார். பதில் சொல்லமாட்டார். நான் முதற்பாதியைச் சொல்லி, மூச்சும் எடுக்காமல் மறுபாதிக்குப் போய்விடுவேன். அந்த மௌனத்தை எங்கள் மகள் கவனிக்கக் கூடாது என்று தொடங்கியது. மகள் வளர்ந்து போன பின்பும் அப்படியே நின்றுவிட்டது.

ஏரிக்கரையில் நின்று அந்தச் செபத்தைத் தொடங்கினேன். வேறு எதுவும் என் நாவில் நிற்கவில்லை. கத்திச் சொன்னேன். ஒன்று முடிந்ததும் அடுத்தது, அதன் மேல் அடுத்தது. நான்காவதோ ஐந்தாவதோ சொல்லும்போதுதான் தெரிந்தது, எனக்கு அவருடைய சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்க முடியாதபடி என் வாய் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் ஓடுவதுபோலவே, முதற்பாதி முடிய மறுபாதி, இடையில் ஒரு நூல் நுழைய இடமில்லாமல்.

அடுத்ததில் முதற்பாதியோடு நிறுத்தினேன்.

ஒன்றுமில்லை. நாணலிலிருந்து ஒரு துளி விழுந்தது. நடக்கும் ஓசைகூட இல்லை. என் வாய் தானாகவே மறுபாதிக்குத் திறந்தது, கையால் பொத்திக்கொண்டேன்.

இரண்டாம் முறை முதற்பாதியைச் சொன்னேன். நிறுத்தினேன். அந்த இடைவெளியில் நான் நினைத்தவற்றை எழுதப்போவதில்லை. கறுப்புச் சேலை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் அவற்றில் ஒன்று என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் முறை நிறுத்தியபோது மறுபாதி வந்தது.

மெல்லியதாக, பல் கிட்டிய குரலில், ஊர்க் கோயிலில் சொல்லும் அந்தப் பழைய இழுவையோடு வந்தது. இடையில் ஒரு சொல்லை மறந்து, திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தது. நான் உடனே முதற்பாதியைச் சொன்னேன். நிறுத்தினேன். வந்தது. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று, அதே உரப்பில் சொன்னேன். அவர் பதிலைச் சொல்லிக்கொண்டே ஓரடி, இரண்டடி வைப்பது தண்ணீரில் கேட்டது. ஒருமுறை பதில் பாதியில் நின்றது. இருமிவிட்டு முடித்தார்.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது தடியின் நுனி. குருடரின் கோல்போல அதை முன்னே ஊன்றி ஊன்றி வந்தார். தொப்பி இல்லை. உதடு நீலம். கரையில் ஏறிய பின்பும், சொல்லத் தொடங்கிய மறுபாதியை முடித்துவிட்டுத்தான் அமர்ந்தார்.

நான்கு விரல்

கொஞ்ச நேரத்தில் துடுப்போசை கேட்டது. டெப் படகை ஒதுக்கி, கம்பளியால் அவரைச் சுற்றி, ஈரத்தை எல்லாம் கழற்றச் சொன்னார். ரபீக் படகிலிருந்து இறங்கிய இடத்திலேயே குந்தியிருந்தார்.

"தாசண்ணை, ஹோர்ன் அடிச்சது நான்தான். டெப்பைக் கூப்பிடத்தான்…"

"தெரியும்" என்றார் இவர், தாடை நடுங்க. "நல்ல ஹோர்ன். ஊருக்கே கேக்கும்."

இறப்பர் காற்சட்டையை நான்தான் கழற்றினேன். நெஞ்சுப் பகுதியில் ஈரம் ஏறி நின்ற இடம் கோடுபோட்டதுபோல் தெரிந்தது. கீழே கறுத்திருந்தது, மேலே உலர்ந்திருந்தது. அந்தக் கோட்டுக்கும் மேல்விளிம்புக்கும் இடையில் என் கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல். ஐந்தாவதற்கு இடமில்லை. அப்படியே புல்லில் அமர்ந்தேன்.

திரும்பி வரும்போது ரபீக் கார் ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்னால் இருந்தோம். மலையிறக்கத்தில் அவருடைய கைகளில் சூடு திரும்பியது.

"ஹோர்ன் கேட்ட பக்கம் மூண்டு அடி வைச்சனான்" என்றார். "நாலாவதுக்குக் காலுக்குக் கீழ ஒண்டும் இல்லை. கட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். அப்பதான் நீர் சொல்லுறது கேட்டது."

"கேட்டதெண்டா ஏன் உடனை பதில் சொல்லேல்ல? நான் செத்துப்போனன்."

அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீர் ஓடிக்கொண்டெல்லோ போனீர். எங்க இடம் விட்டனீர்?"

ரபீக் கண்ணாடியில் எங்களைப் பார்த்தது தெரிந்தது.

அன்று மாலை வழக்கம்போல் மெழுகுதிரியைக் கொளுத்தினேன். இவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். முதற்பாதியைச் சொல்லி நிறுத்தினேன். பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதன் பின்பு எத்தனையோ மாலைகள் போய்விட்டன; இன்னும் நிறுத்துகிறேன். அவர் தொண்டையைச் செருமுவது சில நாட்களில் கேட்கும். அந்தச் சில நொடிகளில் ஒவ்வொரு முறையும் என் கால் ஈரமண்ணைத் தேடுகிறது. இருந்தாலும் அந்த இடத்தை நான் நிரப்புவதில்லை.